நாற்பத்தோராவது அழைப்பு

மாசி பதினெட்டு.
வெயிலுக்கு இன்னும் முறை வரவில்லை என்று
நாள்காட்டி சொல்கிறது.
வெள்ளகோவிலில் அதை யாரும்
வெயிலிடம் சொல்லவில்லை.

மின்வாரிய அலுவலகம். புகார் போன் என் மேசையில்.
பதினோரு மணிக்கே வோல்டேஜ் இறங்கிப்போனது.
'ஏனுங்க, பேனு சுத்துதா நிக்குதான்னே தெரியலீங்க.'
'கோழிப்பண்ணைங்க. ஆறாயிரம் உருப்படி
வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க, மோட்டாரு எடுக்கலீங்க.'
சாக்கை நனைத்துத் தொங்கவிடச் சொல்கிறேன்.
'தண்ணிக்குத்தானுங்க மோட்டாரு' என்கிறார்.
இதற்குப் பதில் எழுதப் பதிவேட்டில் கட்டமில்லை.

தேங்காய்க் களத்திலிருந்து ஒருவர்:
பருப்புத் திருப்பிய பெண் சுருண்டு விழுந்துவிட்டாளாம்.
நூற்றெட்டுக்கு அடிங்க, அதுவரைக்கும்
நிழலுக்குத் தூக்குங்க, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி,
நினைவில்லாதவள் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க.
வைத்துவிட்டார்.
'தவறான எண்' என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றரைக்கு மூலனூர்ப் பக்கம் வானம் கருகியது.
மழைக்கு முன்னால் காற்று வந்தது.
காற்றுக்கு முன்னால் புழுதி வந்தது.
எதிர்க்கடைத் தகரப் பலகை
பேருந்துக்குக் கை காட்டுவதுபோல் ஆடிவிட்டுப் பறந்தது.
கொறங்காட்டு வெள்வேல மரங்கள் வளைந்து நிமிர்ந்தன;
முருங்கைக்கு வளையத் தெரியாது.

சென்னியப்பன் ரப்பர் கையுறையைக் கவிழ்த்து
இரண்டு முறை உதறினான், போன மாதம் உள்ளே தேள் இருந்தது.
ஏணியோடு வண்டி கிளம்பியபோது
முப்பத்தாறு அழைப்பு.
எல்லோருக்கும் ஒரே கேள்வி: எப்பங்க வரும்?

நாற்பத்தொன்று ஒரு பையன்.
'அக்கா, எங்க காட்டுல கம்பி அறுந்து கெடக்குதுங்க்கா.
செவலை ஆடு அதும்மேலயே படுத்திருக்குது,
எந்திரிக்கவே மாட்டீங்குது.'
எந்த ஊரு? யாரு வீடு?
'மைதிலி வீடுங்க. நான் கவினேஷ்.
அம்மா ஆட்டை இழுக்கப் போயிட்டிருக்குதுங்க.'

ஈர மண் என்றால்
கம்பி தொட்ட நொடியில் பீடர் தானே நின்றுவிடும்.
இரண்டு மாதம் வெந்த மண் அப்படியில்லை.
வாங்கவும் வாங்காது, காட்டியும் கொடுக்காது.
அதன்மேல் கம்பி
பொறியில்லாமல், சத்தமில்லாமல்,
உயிரோடு கிடக்கும்.

கவினேஷ், நீ போகாதே. நின்ன இடத்திலேயே நின்னு கத்து.
போனை வைக்காதே. கத்து.
இந்தக் காதில் அவன்.
அந்தக் காதில், என் செல்போனில், துணைமின் நிலையத்துக்காரர்:
'எந்த பீடர்? யார் சொன்னது?
எழுத்துல ஏதாச்சும்...'
இறக்குய்யா என்றேன்.
பதினோரு வருஷ சர்வீஸில் யாரையும் அப்படிச் சொன்னதில்லை.

'அம்மா, கரண்ட்டு!' என்றுதான் கத்தினான் முதலில்.
காற்று தின்றதா, காதில் விழுந்தும்
கரண்ட்டுதான் போய்விட்டதே என்று நடந்தாளா,
தெரியவில்லை. நிற்கவில்லை.
பிறகு அவனாகவே, நான் சொல்லித்தராத ஒன்றை,
தொண்டை கிழியக் கத்தினான்:
'அம்மா, பாம்பு! காலுக்கு முன்னால பாம்பு!'

ஒன்றும் கேட்கவில்லை.
கிளுவை வேலியில் காற்று உரசுவது மட்டும்.

'இறக்கியாச்சு' என்றது அந்தக் காது.
ஏழு ஊரில் ஒரே நேரத்தில் விசிறிகள் களைத்து நின்றிருக்கும்.

மேசைப் போனில் இன்னும் அவன் இருக்கிறான்.
வைக்கச் சொல்ல நான் மறந்துவிட்டேன்,
வைக்கக்கூடாது என்று அவனுக்கு ஞாபகம்.
பெரிய பெரிய துளிகள் ஓட்டின் மேல் விழுகின்றன,
கூடவே கல் எறிவதுபோல் ஆலங்கட்டி.
மூச்சிரைக்க ஒரு பெண் குரல் பக்கத்தில் வருகிறது:
'எங்கடா பாம்பு? எங்கடா?'

செல்போன் அடிக்கிறது. நாற்பத்திரண்டு.
'ஏனுங்க, இருந்த கரண்ட்டையும்
எதுக்குங்க நிறுத்துனீங்க?
ஆபீசுல தூங்கறீங்களா?'

ஆமாங்க என்றேன்.
கொஞ்ச நேரம் ஆகுமுங்க.
ஜன்னலைச் சாத்திட்டு உள்ளேயே இருங்க.